சிறிய டெரியர் வீட்டுக்கு ஏற்றதா? கொண்டுவருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: அடுக்குமாடி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பெரிய நாய்க்கு இடமில்லை. ஜாக் ரஸல், வெஸ்டி (வெஸ்ட் ஹைலேண்ட் வைட் டெரியர்), யார்க்‌ஷையர் போன்ற சிறிய டெரியர் ஒன்றை வளர்க்கலாமா, எளிதாக இருக்குமா?

வளர்க்கலாம். எளிதா என்றால், இடத்தைப் பொறுத்தவரை எளிது. நேரத்தைப் பொறுத்தவரை இல்லை. ஆறு கிலோ நாய் சோபாவின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனால் அது நரியின் வளைக்குள் தனியாக இறங்கி, யாருடைய குரலும் எட்டாத இருட்டில் தானே முடிவெடுத்து எதிர்த்து நிற்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் டெரியர்களைப் பற்றிச் சொல்லப்படும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்கிவிடும். பரிகாரமும் அங்கிருந்தே கிடைக்கும்.

டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஜாக் ரஸல் இனத்துக்குப் பெயர் தந்த ஜான் ரஸல் (1795–1883) இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர், நரிவேட்டையில் தீராத ஆர்வம் கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து அவர் வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெண் நாயிலிருந்துதான் அந்த வரிசை தொடங்கியது. இன்று தலையில் ரிப்பன் கட்டிப் படமெடுக்கப்படும் யார்க்‌ஷையர் டெரியரும் 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆலைப் பகுதிகளில் எலி பிடித்த நாய்தான். ஆடு மேய்க்கும் நாய் மேய்ப்பரின் சீழ்க்கைக்குக் காது கொடுத்து வேலை செய்யும். வளைக்குள் இறங்கிய நாய்க்குத் திரும்பிப் பார்க்க ஆளே இல்லை. தோண்டுவது, தான் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியும்படி ஓயாமல் குரைப்பது, அசையும் சிறு பொருள்மீது பாய்வது, கவ்வி உதறுவது, வலித்தாலும் பின்வாங்காதது எல்லாம் அந்த வேலைக்கான தகுதிகள். நாம் வேலையை நிறுத்திவிட்டோம். தகுதிகள் அப்படியே இருக்கின்றன.

எல்லாச் சிறிய டெரியர்களும் ஒன்றல்ல. ஜாக் ரஸல் 25 முதல் 30 செ.மீ. உயரம், 5 முதல் 6 கிலோ எடை. இந்தக் கூட்டத்திலேயே ஓட்டமும் வேட்டை வெறியும் அதிகம். முதல் நாயாக, அதுவும் பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு, நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கெய்ர்ன் 6 முதல் 7.5 கிலோ, வெஸ்டி அதைவிடச் சற்றுக் கனம். இரண்டும் ஸ்காட்லாந்தில் பிறந்த உறவினர்கள். பிடிவாதம் உண்டு, ஆனாலும் வீட்டுக்குள் அமைதியாகத் தூங்கத் தெரியும். நார்விச், நார்ஃபோக் இரண்டும் ஐந்தாறு கிலோ (காது நிமிர்ந்திருந்தால் நார்விச், மடிந்திருந்தால் நார்ஃபோக்). மற்ற டெரியர்களைவிடப் பிற நாய்களோடு ஒத்துப்போகும். பார்டர் டெரியர் 5 முதல் 7 கிலோ. மனிதரிடம் மிக இணக்கமானது, வெளியே வந்தால் அணிலை விடாது. யார்க்‌ஷையர் 3.2 கிலோவுக்குள் இருக்க வேண்டிய நாய். அதற்கு நடை குறைவாகப் போதும், முடிப் பராமரிப்பு அதிகம், எலும்பு மெலிது. ‘டீக்கப்’ என்று ஒன்றரை கிலோவில் விற்கப்படுவது தனி இனம் அல்ல. அளவு குறைந்த குட்டிகளையே மேலும் மேலும் இணைசேர்த்துப் பெறுவது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்குவது, தலையோட்டின் உச்சி மூடாமலிருப்பது, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது ஆகியவை கூடவே வரும். அதை வாங்க வேண்டாம்.

தினசரி வேலை எவ்வளவு? வளர்ந்த ஜாக் ரஸலுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை, இரண்டு வேளையாகப் பிரித்து. வெஸ்டி, கெய்ர்ன், நார்ஃபோக் வகைகளுக்கு 45 முதல் 60 நிமிடம். யார்க்‌ஷையருக்கு அரை மணி நேரம் போதும். இது வெறும் கால்கணக்கு. டெரியரைக் களைக்கவைப்பது கால் அல்ல, மூக்கு. வேகமாக நடத்திக்கொண்டுபோன ஒரு மணி நேரத்தைவிட, புல்லையும் கம்பத்தையும் அது விரும்பிய நேரம் மோந்து பார்க்க விட்ட அரை மணி நேரம் அதை அதிகமாக அடக்கும். நடையில் பாதியாவது நாய் இழுக்கும் திசையில் நீங்கள் போகும் நடையாக இருக்கட்டும்.

நடைக்கு மேல், வேட்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வடிகால் வேண்டும். வேட்டை என்பது தேடுதல், விரட்டுதல், கவ்வுதல், உதறுதல், கிழித்தல் என்று வரிசையாகப் போகும் செயல். டெரியரிடம் கடைசி மூன்றும் மிகப் பலமாக இருக்கும். ஆகவே கயிறு இழுக்கும் விளையாட்டு அதற்கு அவசியமானது. இழுத்து விளையாடினால் நாய் முரடாகிவிடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சட்டத்தோடு விளையாடினால் நடப்பது நேர்மாறு. நீங்கள் ‘எடு’ என்று சொன்ன பிறகே கவ்வ வேண்டும். ‘விடு’ என்றதும் விட்டால் மறுபடியும் விளையாட்டு உண்டு. பல் கையில் பட்டால் அந்தக் கணமே பொம்மையைக் கீழே போட்டு அரை நிமிடம் நிறுத்திவிடுங்கள். ‘விடு’ பழக்க, இழுப்பதை நிறுத்திப் பொம்மையை உங்கள் காலோடு ஒட்டி அசையாமல் பிடியுங்கள். செத்துப்போன இரையில் சுவை இல்லை. சில நொடிகளில் வாய் தளரும். அந்த நொடியில் ‘எடு’ சொல்லி மறுபடி உயிர் கொடுங்கள். ஒரு வாரத்தில் சொல்லும் செயலும் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது பக்கவாட்டில் இழுங்கள்; மேலே தூக்காதீர்கள், கழுத்தெலும்புக்கு ஆகாது.

விரட்டுவதற்கு, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் கம்பின் நுனியில் கயிறும் அதன் முனையில் துணிப் பொம்மையும் கட்டிய தூண்டில் கம்பு போதும். பொம்மை எப்போதும் தரையோடு தரையாக ஓடட்டும். காற்றில் தூக்கினால் நாய் துள்ளி, உடம்பை முறுக்கிக்கொண்டு இறங்கும். முழங்கால் போவது அங்கேதான். மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒவ்வொரு சுற்றிலும் அது பிடித்து உதற ஒரு வாய்ப்பு. பிடிக்கவே விடாமல் ஓடவிட்டால் வெறி ஏறுமே தவிரத் தணியாது. லேசர் ஒளியை விரட்டவிடுவது இதே காரணத்தால் தவறு: கவ்வ எதுவுமில்லாத இரை. பிறகு நிழலையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் மணிக்கணக்கில் துரத்தும் பழக்கமாக அது மாறலாம். வந்துவிட்டால் போக்குவது கடினம்.

தோண்டுவதற்குத் தோட்டம் இருந்தால் ஒரு மூலையில் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், அரை மீட்டர் ஆழத்தில் மணல் நிரப்பி, முதல் நாள் பொம்மைகளைப் பாதி தெரியும்படியும் பிறகு முழுதாகவும் புதையுங்கள். வேறிடத்தில் தோண்டினால் திட்டாமல் இங்கே அழைத்து வாருங்கள். தோட்டமில்லாத வீட்டில் பெரிய அட்டைப்பெட்டி, கசக்கிய காகிதம், பழைய துண்டுகள், இடையிடையே அன்றைய உணவில் ஒரு பங்கு. பத்து நிமிடத்தில் பெட்டி தூளாகும். கிழித்தல் என்ற கடைசிக் கட்டமும் அதிலேயே முடிந்துவிடும். துண்டை விழுங்குகிற நாயாக இருந்தால் மட்டும் பக்கத்தில் இருங்கள்.

பந்தை ஐம்பது தடவை எறிந்து களைக்கவைப்பது பலர் செய்யும் தவறு. அது நாயை ஓட்ட வீரனாக்கும். நாளை அறுபது தடவை கேட்கும். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம், குட்டி 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடி, காலைக் கடிக்கும் குட்டிக்கு வேண்டியது இன்னும் விளையாட்டு அல்ல, தூக்கம். மென்று தின்ன ஒன்றைக் கொடுத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் விட்டால் கால் மணி நேரத்தில் கண் மூடும்.

கூப்பிட்டால் வருமா என்பதற்கு நேர்மையான பதில்: எலி ஓடும்போது பெரும்பாலான டெரியர்கள் வராது. பழக்கினால் வரும் வாய்ப்பு கூடும், உத்தரவாதம் கிடையாது. ஆகவே வேலியில்லாத இடத்திலும் சாலை அருகிலும் கயிறு அவிழ்க்கவே கூடாது. பயிற்சிக்கு 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு வாங்கி ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் அல்ல. பத்து மீட்டர் ஓடி முனையில் இழுபடும் வேகம் கழுத்தில் விழக் கூடாது. அழைப்புக்கென்று ஒரு சொல்லைத் தனியாக வைத்து, அதைக் குளிப்பாட்டவோ வீட்டுக்குள் அடைக்கவோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வந்ததும் கொடுப்பது சாதாரண உணவாக இல்லாமல் வேக வைத்த கோழித் துண்டாக இருக்கட்டும். அதைவிட மேலான பரிசு ஒன்று உண்டு: வந்ததும் ‘போ’ என்று சொல்லி, அது பார்த்துக்கொண்டிருந்த அதே புதருக்கே திருப்பி அனுப்புவது. உங்களிடம் வருவது வேட்டையின் முடிவு இல்லை என்று புரிந்த நாய்தான் திரும்பி வரும்.

வேலியைப் பற்றிச் சுருக்கமாக: ஜாக் ரஸல் ஒன்றேகால் மீட்டர் சுவரைத் தாண்டக்கூடியது. தாண்ட முடியாவிட்டால் அடியில் தோண்டும். கம்பி வலையை 30 செ.மீ. ஆழம் புதைத்தோ, உட்புறமாக ‘எல்’ வடிவில் மடித்துத் தரையில் பரப்பி மண் போட்டோ அதைத் தடுக்கலாம். மாடி முகப்பில் கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் என்றே கொள்ளுங்கள். நாய் வருவதற்கு முதல் நாளே வலை அடித்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்குப் பெரிய சிக்கல் குரைப்பு. முதலில் வகை பிரித்துப் பாருங்கள். சன்னலிலும் கதவிலும் காவல் குரைப்பு என்றால், பாதி தீர்வு அந்தக் காட்சியை மறைப்பது: சன்னலின் கீழ்ப்பாதியில் பால்நிற ஒட்டுத்தாள், சோபாவைச் சன்னலிலிருந்து நகர்த்துதல், நடைபாதைச் சத்தத்தை அமுக்க மின்விசிறியின் சீரான ஓசை. மீதிப் பாதி, குரைத்த பிறகு என்ன செய்வது என்று கற்பிப்பது. நாய் அமைதியாக இருக்கும்போதே ‘போதும்’ என்று சொல்லி நாலைந்து உணவுத் துணுக்குகளைத் தரையில் தூவுங்கள். ஒரு வாரம் இப்படியே. அப்புறம் லேசான சத்தத்துக்கு அது ஒரு முறை குரைத்ததும் ‘போதும்’ சொல்லித் தூவுங்கள். மூக்கு தரைக்குப் போனால் வாய் மூடும். அழைப்பு மணி போன்ற கடினமான சத்தத்தைக் கடைசியாக வையுங்கள். நீங்கள் சத்தம் போட்டால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். உங்களைப் பார்த்து, உணவு கேட்டோ விளையாட்டு கேட்டோ குரைப்பது வேறு வகை. அதற்கு எதுவுமே கிடைக்கக் கூடாது. பத்து முறை பொறுத்துப் பதினோராவது முறை கொடுத்தால், பதினோரு முறை குரைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் நீங்களே. மின்னதிர்ச்சி தரும் குரைப்புப் பட்டை டெரியருக்குக் குறிப்பாக ஆகாது. வலி வந்தால் எதிர்க்க வேண்டும் என்பதுதான் அதன் இரத்தத்தில் ஊறியது. வலியை வாசலில் நிற்கும் மனிதரோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

யாருமில்லாதபோது மட்டும் விடாமல் குரைப்பதும் ஊளையிடுவதும் தனிமை அச்சம். கேமரா வைத்துப் பார்க்காமல் இதை முடிவு செய்யாதீர்கள். கதவைச் சுரண்டுவது, எச்சில் ஒழுகுவது, வைத்துவிட்டுப் போன உணவைத் தொடாதது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, விட்டு விட்டுக் குரைத்தால் பெரும்பாலும் சலிப்பு அல்லது வெளிச்சத்தம். அச்சத்துக்கு மருந்து அளவை உயர்த்துவதுபோல் படிப்படியான பயிற்சி: கதவைத் தொட்டுத் திரும்புதல், திறந்து மூடுதல், 5 நொடி வெளியே, 20 நொடி, ஒரு நிமிடம். நாய் பதறும் முன்பே திரும்பிவிட வேண்டும். பதறினால் அளவைக் குறையுங்கள். அரை மணி நேரத்தை எட்டுவதுதான் மிகக் கடினம். அதைத் தாண்டினால் நீளம் வேகமாகக் கூடும். பழகிய வளர்ந்த நாயைக்கூட ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடுவது சரியல்ல. இருவரும் ஒன்பது மணி நேரம் வெளியே இருப்பவர்கள் என்றால், நடுவில் வந்து நடத்திச் செல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்த பிறகே நாயை எடுங்கள்.

சிறிய நாய்களுக்கு வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பெயர் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மனிதர்களே. கையளவு ஈரத்தைத் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பெரிய நாய் என்றால் அப்படி விட மாட்டோம். குட்டிக்கு வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சத் தாக்குப்பிடிப்பு. யார்க்‌ஷையர் அளவுக்கு அதுவும் குறையும். தூங்கி எழுந்ததும், உண்ட பத்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், இவை போக விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையும் வெளியே கொண்டுபோங்கள். கழித்து முடித்த இரண்டு நொடிக்குள், அதே இடத்தில் பரிசு. வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குத்தான் பரிசு என்று நினைக்கும். தவறிய இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவுங்கள். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர் வாடையையே நினைவூட்டும். மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் ஒன்றை மட்டும் கற்பிக்கும்: உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்குப் பின்னால் போவது.

உணவுக் கிண்ணத்தையோ திருடிய காலுறையையோ காத்துக்கொண்டு உறுமும் பழக்கம் டெரியர்களிடம் அதிகம். உறுமலைத் தண்டிக்காதீர்கள். அது எச்சரிக்கை மணி. மணியை அறுத்துவிட்டால் அடுத்த முறை நேரே பல் வரும். பறிப்பதற்குப் பதிலாக மாற்றுங்கள்: அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி, இரண்டு அடி தள்ளிப் போட்டு, அது நகர்ந்த பிறகு எடுங்கள். ஆபத்தில்லாத பொருள் என்றால் திருப்பியும் கொடுத்துவிடுங்கள். நெருங்கும் கை எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறது என்று பத்துப் பதினைந்து முறையில் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரு திசையிலும் ஆபத்து. அழுத்திப் பிடித்தால் சகித்துக்கொள்ளும் பொறுமை டெரியருக்குக் குறைவு. மூன்று கிலோ நாயைக் குழந்தை தூக்கி நழுவவிட்டால் முன்னங்கால் எலும்பு முறியக்கூடும். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தை இருந்தால் யார்க்‌ஷையரைத் தவிர்த்து, பார்டர் போன்ற உறுதியான உடம்புள்ள நாயைப் பாருங்கள். அதையும் ஒரு நிமிடம்கூடக் குழந்தையோடு தனியே விட வேண்டாம். பூனை முன்பே இருந்தால், குட்டியிலிருந்து சேர்ந்து வளரும் டெரியர் அந்தப் பூனையை ஏற்றுக்கொள்ளலாம். தெருவில் ஓடும் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. முயல், வெள்ளெலி, பறவை இருக்கும் வீட்டில் டெரியர் வேண்டாம். கூண்டு இருக்கிறதே என்ற சமாதானம் நெடுநாள் நிற்காது. இரண்டு டெரியர் வளர்க்க ஆசையென்றால் ஆண், பெண் என்று எடுங்கள். ஒரே பாலில் இரண்டு, அதிலும் இரண்டு பெண்கள், ஒன்றரை இரண்டு வயதில் பகைத்துக்கொண்டால் மறுபடி சேர்வது அரிது.

முடி விஷயத்தில் நிறையத் தவறு நடக்கிறது, சற்று நின்று சொல்கிறேன். கெய்ர்ன், வெஸ்டி, பார்டர், நார்ஃபோக், நார்விச், சொரசொரப்பு முடியுள்ள ஜாக் ரஸல் எல்லாவற்றுக்கும் இரட்டை அடுக்கு: மேலே கம்பி போன்ற முடி, அடியில் மென்மயிர். மேல்முடி முழு நீளம் வளர்ந்ததும் வேரில் உயிரற்றுப் போகும். தானாக உதிராமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கையால் பறித்தெடுத்தால் அதே குழியிலிருந்து புதிய கம்பிமுடி வரும். இயந்திரத்தால் வெட்டினால் வேர் உள்ளேயே தங்கி, வளர்வது மென்மையாகவும் நிறம் வெளுத்தும் இருக்கும். அழுக்கும் நீரும் ஒட்டும். வீட்டில் வாழும் நாய்க்கு வெட்டுவது பாவமல்ல. ஆனால் வெஸ்டி போன்று தோல் ஒவ்வாமைக்கு ஆளாகும் இனத்தில் காப்பு அடுக்கை இழப்பது சிறிய இழப்பல்ல. பறிக்கும் முறை: குளிப்பாட்டக் கூடாது, ஈர முடி வழுக்கும். முதுகில் ஒரு பிடி தோலை மற்றொரு கையால் இழுத்துப் பிடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முடியின் நுனியைப் பற்றி, முடி வளரும் திசையிலேயே சட்டென்று இழுங்கள். பருவம் வந்த முடி எதிர்ப்பில்லாமல் கையோடு வரும். வராவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். வலிக்கவைத்துப் பறித்தால் அடுத்த முறை நாய் மேசையில் நிற்காது. வழுக்கினால் விரலில் சாக்பீஸ் தூள் அல்லது ரப்பர் உறை. வயிறு, காதின் ஓரம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் கத்தரிக்கோல் போதும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, தினம் இருபது நிமிடம் என்று ஒரு வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இது. வாரம் ஒரு முறை சீப்பு. யார்க்‌ஷையர் முற்றிலும் வேறு: அடிமயிர் இல்லாத பட்டு முடி, நிற்காமல் வளரும், தினமும் சீவ வேண்டும். உலர்ந்த முடியைச் சீவினால் முறியும்; லேசாக நீர் தெளித்து நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுங்கள். நீளம் வேண்டாமென்றால் ஆறு எட்டு வாரத்துக்கொரு முறை குட்டையாக வெட்டிவிடுவதே இருவருக்கும் நிம்மதி.

உணவு: கிலோ எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைத் தேவை கிடைக்கும். 6 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 270 கிலோகலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 430. உலர் உணவு 100 கிராமில் 375 கிலோகலோரி என்றால் நாளொன்றுக்கு 115 கிராம். அதிலிருந்து பயிற்சித் தின்பண்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோகலோரி கழித்துக்கொள்ளுங்கள். கோப்பையால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். இந்த அளவில் 15 கிராம் பிழையைச் சிறியது என்று எண்ண வேண்டாம். தினமும் சேர்ந்தால் ஆண்டு முடிவில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆறு கிலோ நாயில் கூடும் 600 கிராம், 65 கிலோ மனிதருக்கு ஆறரை கிலோ கூடியதற்கு ஒப்பு. நச்சுப் பொருள்களிலும் எடைதான் கணக்கு: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டி) கலந்த இனிப்பு, பாரசிட்டமால், இபுப்ரோஃபென் எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது.

டெரியர் வீட்டில் எலிப் பாஷாணம் வைக்கவே கூடாது. நாய் நேரே தின்னாவிட்டாலும், அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்து விழுங்கும். இரத்தம் உறையாமல் செய்யும் வகை நஞ்சில் மூன்று முதல் ஐந்து நாள் வரை எதுவும் தெரியாது. பிறகு ஈறு வெளிறும், மூச்சு வாங்கும். சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரிடம் போங்கள், பொட்டலத்தையும் கொண்டுபோங்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதருக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசி முதலில் இரண்டு முறை, பிறகு ஆண்டுதோறும். சில நாய்களுக்கு இது விருப்பத் தேர்வாக இருக்கலாம், எலி பிடிக்கும் டெரியருக்கு இல்லை.

உடல்நலத்தில் ஒரு நற்செய்தி உண்டு. பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் 2022இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் முதலிடம் ஜாக் ரஸலுக்கு: பிறப்பிலிருந்து 12.72 ஆண்டு. பராமரிப்பு நன்றாக இருந்தால் 15ஐத் தாண்டுவதும் உண்டு. கவனிக்க வேண்டியவற்றில் மிக அவசரமானது கண்வில்லை இடம்பெயர்தல். மூன்று முதல் எட்டு வயதுக்குள், திடீரென்று கண் சிவந்து, கலங்கி, நாய் கண்ணைச் சுருக்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்; கண்ணழுத்தம் கூடிச் சில மணி நேரத்தில் பார்வை போய்விடும். இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பெற்றோர் இருவரின் முடிவையும் வளர்ப்பவரிடம் கேளுங்கள். ஓடும்போது பின்னங்கால் ஒன்றை மூன்று நான்கு காலடிகளுக்குத் தூக்கியே வைத்திருந்து மீண்டும் ஊன்றினால் முழங்கால் சில்லு விலகுகிறது. ஆறு மாதக் குட்டி விடாமல் நொண்டினால் தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் போகாத பெர்தஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். யார்க்‌ஷையர் வாத்துபோலக் கரகரத்து இருமினால் மூச்சுக்குழல் தளர்ந்திருக்கலாம். அதற்குக் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டவே கூடாது. வெஸ்டி பாதத்தை நக்கிச் செம்பழுப்பாக்கினால் ஒவ்வாமை. முழு வெண்ணிற ஜாக் ரஸல் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதித்த பிறகே எடுங்கள். ஏழு மாதத்துக்குப் பிறகும் பால்பல் நின்றால் பிடுங்க வேண்டும். சிறிய வாயில் 42 பல் நெருங்கி நிற்பதால் தினமும் நாய்ப் பற்பசையால் துலக்குவது தவிர்க்க முடியாதது. தோண்டும் நாயின் முன்னங்கால் நகம் தானே தேயும், பக்கவாட்டு விரலின் நகம் தேயாது, சுருண்டு தோலில் குத்தும். மாதத்துக்கு இருமுறை பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் நிலைக்கு வருகிறேன். இருவரும் வெளியே போகும் வீட்டில் எட்டு வாரக் குட்டியைவிட, மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருக்கும் வளர்ந்த நார்ஃபோக், கெய்ர்ன் அல்லது பார்டர் பொருத்தம். குணம் தெளிவாகத் தெரியும், சிறுநீர்ப் பழக்கம் பெரும்பாலும் முடிந்திருக்கும், கண்ணையும் முழங்காலையும் பரிசோதித்து எடுக்கலாம். பார்க்கப் போகும்போது மூன்றைக் கவனியுங்கள்: வேற்று நாயைக் கண்டால் என்ன செய்கிறது, வாயில் உள்ளதை மாற்றிக்கொள்கிறதா, பத்து நிமிடம் தனியறையில் விட்டால் எப்படி இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் ஒருவராவது விடுப்பெடுங்கள். விருந்தினர் வேண்டாம், குளியல் வேண்டாம், நீண்ட நடையும் வேண்டாம். ஒரே அறை, ஒரே படுக்கை, ஒரே நேரத்துக்கு உணவு, முதல் நாள் மாலையிலிருந்தே ஐந்து நொடி வெளியே போய்த் திரும்பும் பயிற்சி.